எங்க தம்பிக்கு எல்லாம் வரும்

அந்த அக்காவை நான் முதலில் பார்த்தது மணமேல்குடியில், எங்கள் சங்கம் வாடகைக்கு எடுத்திருந்த ஒற்றை அறையில். மாற்றுத்திறனாளிகளுக்கு அடையாள அட்டை, உதவித்தொகை, பஸ் பாஸ் என்று அரசாங்கத்தில் உள்ளதை வாங்கிக் கொடுக்க அலைவதுதான் சங்கத்தின் வேலை. அலைகிறவர்களில் நானும் ஒருத்தி. எனக்கு இடது காலில் போலியோ. இரும்புப் பட்டை போட்ட பூட்ஸும், பக்கத்தில் இரண்டு சக்கரம் சேர்த்த ஸ்கூட்டருமாக இந்தக் கடற்கரை ஊர்களைப் பல வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

எங்களைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் வாசலிலேயே கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். யார் அதிகம் அழுகிறார்களோ அவர்களுக்குத்தான் கிடைக்கும் என்று யாரோ சொல்லி அனுப்பியது போல இருக்கும். அந்த அக்கா அப்படி இல்லை. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க கொழுந்தனாருக்கு ஒரு கார்டு எடுக்கணும்மா. என்னென்ன செய்யணும்னு சொன்னீங்கன்னா செஞ்சுடுவேன்."

கட்டுமாவடிக்காரர். ஐம்பது வயதை ஒட்டியிருக்கும். கரையில் ஒரு வியாபாரியின் கொட்டகையில் மீன் தரம் பிரிக்கும் வேலை. கணவர் விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவர். நெஞ்சுவலி வந்து கடலிலேயே இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. வீட்டில் இருப்பது இவரும் கணவரின் தம்பியும்தான். தம்பிக்கு உடம்பு முப்பது வயதுக்கு வளர்ந்திருந்தது, அறிவு அந்த அளவுக்கு வளரவில்லை. அவ்வப்போது வலிப்பும் வரும்.

"நான் வாழ்க்கைப்பட்டு வந்தப்ப அவரு டவுசர் போட்ட புள்ள. மாமியா கொஞ்ச நாள்லயே தவறிட்டாங்க. பெறகு நான்தான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கணவர் இறந்தபோது அக்காவின் சொந்த அண்ணன்மார் வந்து, உன்னை மட்டும் கூட்டிப்போகிறோம், அவனை ஏதாவது ஹோமில் விடலாம் என்று சொன்னதும், இவர் அவர்களுக்குச் சாப்பாடு போட்டுத் திருப்பி அனுப்பியதும் எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது.

இத்தனை வருஷம் ஏன் கார்டு எடுக்கவில்லை என்று கேட்டேன். கணவருக்குப் பிடிக்காதாம். என் தம்பி நெற்றியில் நானே எழுதி ஒட்டச் சொல்கிறாயா என்பாராம். இப்போது ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். கர்ப்பப்பையில் கட்டி. ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்குப் பிறகு கொஞ்ச காலம் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நான் படுத்துட்டா அவரைப் பாக்க ஒரு ஆளு வைக்கணும்ல. சும்மா யாரு வருவாங்க" என்றார்.

வேண்டிய காகிதங்களைச் சொன்னேன். அவற்றை எல்லாம் சேர்த்து, ஒன்றுகூட விடாமல், பிளாஸ்டிக் பையில் மடித்துக் கொண்டுவந்தார். பரிசோதனை முகாமுக்கு நாளும் கிடைத்தது.

முகாமன்று காலையில் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில்தான் தம்பியைப் பார்த்தேன். நல்ல உயரம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கழுத்து வரைக்கும் பட்டன் போட்டு, எண்ணெய் வைத்துத் தலைவாரியிருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பி, "வணக்கம். சாப்டீங்களா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதையே கேட்டார்.

அந்த அக்கா அவரிடம் பேசுவதைக் கவனித்தேன். "இங்கிட்டு வாங்க தம்பி", "உக்காருங்க தம்பி", எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க'. தூக்கி வளர்த்த பிள்ளையை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. பஸ்ஸில் நான் அதைக் கேட்டேன்.

"அவுக அண்ணன் இருந்த வரைக்கும் வா, போன்னுதாம்மா பேசுவேன். அவரு போனப்புறம் ஊருல ஆளாளுக்கு டேய்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. நானும் வா போன்னா ஊருக்காரங்க நிறுத்துவாங்களா. அதான் மாத்திக்கிட்டேன்."

"ஊரு மாறுச்சாக்கா?"

"கொட்டகையில மாறிருச்சு. ஊரு மாற நாளாகும்."

புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரியின் மாடியில் ஒரு அறையில் பரிசோதனை. அறிவுத்திறனைச் சோதித்துச் சொல்லும் உளவியலாளர் ஒரு பெண். எங்கள் ஆட்கள் அவரை டாக்டரம்மா என்பார்கள். வெளியே அவ்வளவு கூட்டம் இருந்தும் முகத்தில் அவசரம் இல்லாதவர். பலகையில் வெட்டிய பள்ளங்களில் வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று மரத்துண்டுகளைப் பொருத்தச் சொன்னார். தம்பி வட்டத்தைப் பொருத்திவிட்டு அண்ணியைப் பார்த்தார். சதுரத்தைப் பொருத்திவிட்டு அண்ணியைப் பார்த்தார். நட்சத்திரம் உட்காரவில்லை. அதைத் திருப்பித் திருப்பி வைத்தார். நெற்றியில் வேர்த்துவிட்டது. அந்த அக்கா வாய் திறக்கவில்லை, மடியில் இருந்த விரல்கள் மட்டும் அந்த நட்சத்திரத்தைத் தாமே திருப்புவது போல அசைந்துகொண்டிருந்தன.

"இன்னைக்கு என்ன கிழமை?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"நல்ல கெழம" என்றார் தம்பி.

பிறகு கேள்விகள் அந்த அக்காவிடம் திரும்பின. தம்பி பக்கத்திலேயே நின்றார்.

"தனியா குளிப்பாரா?"

"குளிப்பாருங்க."

"சட்டை பட்டன்லாம் போட்டுக்குவாரா?"

"போடுவாருங்க."

"ரோட்டைத் தனியா கடந்து போவாரா?"

"போவாருங்க."

"கடைக்கு அனுப்பினா சாமான் வாங்கிட்டு வருவாரா?"

"வாங்கியாருவாருங்க. எங்க தம்பிக்கு எல்லாம் வரும்."

ஒவ்வொரு பதிலுக்கும் தம்பியின் முகம் கொஞ்சம் நிமிர்ந்தது. இப்படிச் சொன்னால் அட்டையில் போடும் குறைபாட்டுச் சதவீதம் குறையும். சதவீதம் குறைந்தால் அட்டை கிடைத்தாலும் உதவித்தொகைக்கு ஆகாது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"கொஞ்சம் வெளிய இருங்கம்மா. அடுத்தவங்களைப் பாத்துட்டுக் கூப்பிடுறேன்."

வராந்தாவில் தம்பி சுவரில் ஒட்டியிருந்த குழந்தைப் படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அக்காவைச் சற்றுத் தள்ளி அழைத்துப்போனேன்.

"அக்கா, இப்படிச் சொன்னா ஒண்ணும் நடக்காது. உள்ளதைச் சொல்லணும்."

"பொய் ஒண்ணும் சொல்லலையேம்மா. குளிப்பாரு. நான் வெளிய நின்னு, இப்ப தண்ணி ஊத்துங்க, இப்ப சோப்பு எடுங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தா குளிப்பாரு. ரோட்டைக் கடப்பாரு. நான் கையைப் புடிச்சிருந்தா கடப்பாரு."

"அதைத்தான் சொல்லச் சொல்றேன்."

அவர் தம்பி நிற்கும் பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒங்களுக்கு வரும் தம்பி, எல்லாம் வரும் தம்பின்னு சொல்லிச் சொல்லித்தாம்மா இம்புட்டுத் தூரம் கொண்டாந்திருக்கேன். இன்னைக்கு அவரு காதுபட, இவருக்கு ஒண்ணும் வராதுங்கன்னு என் வாயால சொல்லணுமா? சொல்லிட்டு, நாளைக்குக் காலையில குளிக்கப் போங்கன்னு எந்த மூஞ்சியோட சொல்லுவேன்?"

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என்னையும் இப்படி ஒரு பரிசோதனைக்குக் கூட்டிப்போனார்கள். அம்மா டாக்டரின் மேசையைப் பிடித்துக்கொண்டு, "இவளால ஒண்ணுக்கும் ஆகாதுங்க ஐயா" என்றாள். எனக்கு வரவேண்டியது வரட்டும் என்றுதான் சொன்னாள், வந்தும் சேர்ந்தது. அன்றைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அம்மா வாங்கிக் கொடுத்த பிஸ்கட்டை நான் தின்னவில்லை. ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். பல வருஷமாக எத்தனையோ தாய்மார்களை இதே வராந்தாவில் நிறுத்தி, முடியாததை எல்லாம் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க என்று பாடம் நடத்தியிருக்கிறேன். பக்கத்தில் நிற்கிறவரின் காதைப் பற்றி என்னிடம் பேசிய முதல் ஆள் இந்த அக்காதான்.

அந்த அக்கா தம்பியிடம் போனார்.

"தம்பி, இந்தத் தங்கச்சிக்குக் கால் சரியில்ல. டீ குடிக்கணும்கிறாங்க, படி எறங்கப் பயமா இருக்காம். நீங்க கைபுடிச்சுக் கூட்டிட்டுப் போயி, டீ வாங்கிக் குடுத்துக் கூட்டியாறீங்களா?"

தம்பி உடனே என் பக்கம் வந்து கையை நீட்டினார்.

எனக்குப் படி இறங்கத் தெரியும். பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எந்த மாடியும் ஏறி இறங்குவேன். யாராவது கைகொடுக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லியே பழகியவள். அன்றைக்கு அந்த அக்கா என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் புரிந்தது. கையைக் கொடுத்தேன். தம்பியின் பிடி இறுக்கமாக இருந்தது. ஒவ்வொரு படியிலும் நின்று, "இப்ப கால வைங்க. இப்ப அடுத்தது" என்று சொல்லிக்கொண்டே இறக்கினார். எதிரே வந்தவர்களை, "ஒத்துங்க, அக்காவுக்குக் கால் சரியில்ல" என்று ஓரங்கட்டினார். அந்தப் பேச்சு முழுக்க அவருடைய அண்ணியின் பேச்சாகவே இருந்தது.

டீக்கடையில் காசை நான் அவர் கையில் கொடுக்க, அவர் அதைக் கடைக்காரரிடம் கொடுத்தார். பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

"கார்டு குடுத்துருவாங்களா?" என்று கேட்டார்.

"குடுப்பாங்க தம்பி."

"அண்ணன்கிட்ட கார்டு இருந்துச்சு. போட்டுக்குப் போற கார்டு. எனக்கும் குடுத்தா நானும் போட்டுக்குப் போவேன்."

மீனவர் அடையாள அட்டையைச் சொல்கிறார் என்று புரிந்தது. வலிப்பு வரும் என்பதால் அவரை யாரும் படகில் ஏற்றியதில்லை. என் கைப்பையிலிருந்து என்னுடைய அட்டையை எடுத்துக் காட்டினேன்.

"இது மாதிரி கார்டு தம்பி. என்கிட்டயும் இருக்கு."

வாங்கி, படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க போட்டுக்குப் போவீங்களா?"

"இல்ல. பஸ்ல போவேன்."

"பஸ்ல எனக்கு வாந்தி வரும்" என்றார் கவலையோடு. அட்டையைச் சட்டையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். எனக்கு இன்னொரு டீ வேண்டும் என்று அவரே முடிவு செய்து கடைக்காரரிடம் சொன்னார். கடைசியில் மாடியிலிருந்து யாரோ கைகாட்டினார்கள். மறுபடியும் கைபிடித்து, படிப்படியாகச் சொல்லி, என்னை மேலே ஏற்றிக்கொண்டு போனார்.

அந்த அக்கா முகத்தைக் கழுவியிருந்தார். நெற்றியோர முடி ஈரமாக இருந்தது. கண் சிவந்திருந்தது. தம்பியைப் பார்த்ததும், "டீ குடிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார். டாக்டரம்மா நாற்காலியைவிட்டு எழுந்து வந்தார்.

"ரொம்ப நல்லா செஞ்சீங்க சார். இவங்களையும் பத்திரமா கூட்டிட்டு வந்துட்டீங்க" என்று தம்பியிடம் சொன்னார்.

தம்பி கைகூப்பி, "சாப்டீங்களா?" என்றார்.

"இனிமேத்தான் சாப்பிடணும்" என்றார் அவர்.

உள்ளே என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. அறந்தாங்கி பஸ்ஸில் தம்பி தூங்கிய பிறகு அக்காவாகவே பேசினார். "ஒரு நாளு எப்படிப் போகும்னு சொன்னேம்மா. விடிஞ்சதுலேருந்து பொழுது அடையுற வரைக்கும். அவருக்கு வலிப்பு வந்தா என்ன ஆகும், நான் கொல்லப்பக்கம் போனா என்ன செய்வாரு, எல்லாம். அந்தம்மா நடுவுல ஒரு வார்த்த பேசல. இம்புட்டு வருஷத்துல நான் யாருகிட்டயும் சொன்னதில்ல." பிறகு தம்பியின் தலை ஜன்னல் கம்பியில் இடிக்காமல் தன் கையை இடையில் வைத்துக்கொண்டார். ஊர் வந்து சேரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

அட்டை வந்தது. சதவீதம் போதுமான அளவுக்கு இருந்தது. அதை வைத்து உதவித்தொகைக்கு மனு போட்டோம். விசாரணைக்கு வருவாய் ஆய்வாளர் வருவார் என்று தகவல் கிடைத்ததும் நானும் கட்டுமாவடிக்குப் போனேன். ஆர்.ஐ. ஒரு இளம் பெண். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வந்தார். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, ரெண்டு பேரும் கொட்டகையில் இருப்பார்கள் என்றார்கள். அங்கே தம்பி வேலை செய்வதைப் பார்த்தால் மனு தள்ளுபடியாகிவிடுமே என்று பட்டது. ஆனால் போகாமல் இருக்க முடியாது.

கொட்டகையில் படகு வந்த நேரம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நண்டையும் கணவாயையும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கம் தம்பி, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, மண்வெட்டியால் பொடி ஐஸை அள்ளி மீன் பெட்டிகளில் போட்டுக்கொண்டிருந்தார். அள்ளும் வேகமும் போடும் சீரும் பார்க்க நன்றாக இருந்தன.

"வேலை பாக்குறாரே?" என்றார் ஆர்.ஐ. என்னைப் பார்த்து.

நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அவர், "இருங்க, பாத்துக்கிறேன்" என்று ஒரு தூண் பக்கம் நின்றார். அந்த அக்கா எங்களைப் பார்த்துவிட்டார். ஆனால் எழுந்து வரவில்லை. கை கணவாயைப் பிரித்தது, வாய் தம்பியிடம் பேசியது.

"போடுங்க. இன்னொண்ணு. போதும். அடுத்த பொட்டிக்கு வாங்க. மூலைக்குப் போடுங்க. அங்கிட்டு மூலைக்கு. போதும்."

குரலை உயர்த்தவில்லை. அந்த இரைச்சலுக்குள் அது ஒரு பாட்டு மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. நானே முதலில் அதைக் கவனிக்கவில்லை.

அப்போது ஐஸ் லாரி ஒன்று கொட்டகைக்குள் ரிவர்ஸில் வந்தது. ஹாரனும் என்ஜின் சத்தமுமாகக் காதை அடைத்தது. அக்காவின் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. தம்பி அள்ளுவதை நிறுத்தவில்லை. அதே பெட்டிக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். பெட்டி நிரம்பி, ஐஸ் குவிந்து, சரிந்து, அவருடைய பூட்ஸைச் சுற்றி வெள்ளையாகக் கொட்டியது. அவருக்கு ஒரு பதற்றமும் இல்லை. நன்றாக வேலை செய்கிறவரின் முகத்தோடு மேலே மேலே போட்டுக்கொண்டிருந்தார். லாரிக்காரர் என்ஜினை அணைத்தார்.

"போதும் தம்பி. அடுத்த பொட்டிக்கு வாங்க."

தம்பி அடுத்த பெட்டிக்குப் போனார். பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் சிந்திய ஐஸைக் கையால் வாரிக் காலிப் பெட்டியில் போட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தரும் அவரை ஒரு சொல் சொல்லவில்லை.

ஆர்.ஐ. தூணைவிட்டு வந்து அந்த அக்காவின் பக்கத்தில், ஈரத் தரையில், குந்தி உட்கார்ந்தார்.

"நாள் பூரா இப்படிச் சொல்லிக்கிட்டே இருப்பீங்களாம்மா?"

"தூங்குறப்ப சொல்றதில்லைங்க" என்றார் அக்கா.

"ஆபரேஷன்னு மனுவுல போட்டிருக்கே. அப்ப யாரு சொல்வாங்க?"

"அதுக்குத்தாங்க மனுவே."

ஆர்.ஐ. எழுந்து தம்பியிடம் போய், "நல்லா வேலை பாக்குறீங்க" என்றார்.

"எனக்கு எல்லாம் வரும்" என்றார் தம்பி.

"தெரியுதுங்க" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

உதவித்தொகை வர ஆரம்பித்ததும் அந்த அக்கா முதலில் செய்த காரியம், பக்கத்துத் தெருவில் தனியாக இருந்த ஒரு அம்மாளைக் காலையும் மாலையும் வரச்சொல்லி ஏற்பாடு செய்தது. அந்த அம்மாளுக்கு வீட்டு வேலை எதுவும் தரவில்லை. தம்பியிடம் பேசுவதற்கு மட்டும் பழக்கினார். ஒரு நேரத்தில் ஒன்றுதான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அவர் செய்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கவே கூடாது. 'ங்க' போட வேண்டும். நான் ஒருமுறை போனபோது அந்த அம்மாள் குளியலறைக்கு வெளியே நின்று, "இப்ப சோப்பு எடுங்க தம்பி" என்று வெட்கத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா அடுப்படியில் இருந்தபடியே, "கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, நீங்க அவசரப்பட்டா அவருக்கும் படபடப்பாயிரும்" என்று திருத்தினார்.

எல்லாம் பழகிய பிறகுதான் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். டாக்டர்கள் திட்டினார்களாம், இவ்வளவு தள்ளிப்போட்டதற்கு. ஆனால் நல்லபடியாக முடிந்தது. கொட்டகைப் பெண்கள் மாறி மாறித் தம்பிக்கு 'போடுங்க, போதும்' சொன்னார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இப்போது முகாம் நாட்களில் நான் செய்வது மாறியிருக்கிறது. பரிசோதனைக்கு வருகிறவரின் அம்மாவிடமோ அக்காவிடமோ பேச வேண்டியதைத் தனியாகப் பேசலாமா என்று அந்த டாக்டரம்மாவிடம் முன்கூட்டியே கேட்டுவைக்கிறேன். அவரும் சரியென்கிறார். எல்லா இடத்திலும் அப்படிக் கேட்க முடிவதில்லை, கூட்டம் அப்படி. முடிந்த இடத்தில் கேட்கிறேன்.

போன மாதம் அந்த அக்கா சங்க அறைக்கு வந்தார். கையில் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை. ராமநாதபுரம் பக்கம் அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம். தம்பியை அந்த அம்மாளிடம் விட்டுவிட்டு, ஒரு ராத்திரி தங்கி, போய்வந்திருக்கிறார். கணவர் இறந்ததிலிருந்து வெளியூரில் தங்கியது அதுதான் முதல் முறையாம். பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டதை, மறுபடி மறுபடி பாயசம் கேட்டு வாங்கியதை எல்லாம் சொன்னார். தங்கையோடு விடிய விடியப் பேசிக்கொண்டிருந்தாராம்.

"நிம்மதியா இருந்தீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"எங்கிட்டும்மா. காலையில முழிச்சதும் போனைப் போட்டுட்டேன். அந்தம்மா கொட்டகையில நின்னு அவருகிட்ட குடுத்தாங்க. சாப்டீங்களா தம்பின்னேன். சாப்டேன்னாரு. ராத்திரி தூங்குனீங்களான்னேன். தூங்குனேன்னாரு. நான் இன்னும் கேட்டுக்கிட்டே இருந்தேன்." அவர் சிரிக்க ஆரம்பித்தார். "வேல கெடக்கு அண்ணி, வைங்கன்னுட்டாரு."

தாம்பூலப் பையிலிருந்து ஒரு தேங்காயையும் இரண்டு வாழைப்பழத்தையும் எடுத்து என் மேசையில் வைத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, வாரேன் என்று எழுந்து போனார்.